ஓட்டைச் சன்னியைக் கொடுத்ததில் அப்பாவுக்கு ஏன் இத்தனை வருத்தம்?

ரங்கூனில் பிறந்து இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவுடைய முதல் கார் 1984 மாடல் நிசான் சன்னி. 2012-ல் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்துச் சிலிப், அதாவது வேறு கார் இறக்குமதி செய்ய அனுமதிச் சீட்டு, வாங்கினார். அந்தச் சிலிப்பில் ஒரு டொயோட்டா புரோபாக்ஸ் வந்தது. அது இன்றும் ஓடுகிறது. ஆனால் சன்னி பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். ஓட்டைக் காரைக் கொடுத்து நல்ல கார் வாங்கியதில் என்ன வருத்தம்? அப்புறம், புரோபாக்ஸை இப்போது விற்கலாமா?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் ரங்கூனில் தாமுவே பக்கம் கார் பட்டறை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. கொஞ்ச காலம் பழைய கார் தரகும் பார்த்தவன். உங்கள் அப்பா மாதிரி நிறைய பேர் அந்த வருஷங்களில் கார் கொடுத்ததைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் தைரியமாகவே சொல்கிறேன் தம்பி: அப்பா சன்னியை யாருக்காவது விற்றிருந்தால் இந்த வருத்தம் இருந்திருக்காது. விற்றவர்கள் யாரும் இப்படி முகம் வாடி நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் கார் என்றால் என்ன என்பது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. 2011 வரைக்கும் பர்மாவுக்குள் ஒரு கார் வர வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். அது பெரிய இடத்து ஆட்களுக்குக் கிடைக்கும். கப்பலில் வேலை பார்த்து, அந்நியச் செலாவணியில் வரி கட்டிய மாலுமிகளுக்கும் கிடைக்கும். மற்றவர்கள் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிற காரைத்தான் கைமாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். ஜப்பானில் காரின் விலை ஒன்று என்றால் பெர்மிட்டின் விலை அதைப் போலப் பல மடங்கு. அதனால் ஜப்பானில் உடைக்கிற இடத்துக்குப் போகும் வயதில் இருந்த ஒரு சன்னி, இங்கே பத்தாயிரம் டாலரைத் தாண்டி விலை போனது. வெளிநாட்டுக்காரன் கேட்டால் சிரிப்பான். நமக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

சேமிப்பு என்று சும்மா சொல்லவில்லை. நம் ஆட்கள் ஏன் பணத்தைக் காரில் போட்டார்கள் என்பதற்குக் கதை இருக்கிறது. 1963, 64-ல் கடைகளும் கம்பெனிகளும் அரசாங்கத்துக்குப் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கையை வீசிக்கொண்டு கப்பலேறினார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985-ல் மறுபடியும். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் காகிதமாகிப் போயின, அதற்கு ஈடும் கிடையாது. பிறகு 45-ம் 90-ம் என்று நோட்டு வந்தது. 90 கியாட் நோட்டுக்குச் சில்லறை கணக்குப் போட்டே மீன்கடைக்காரர்களுக்குத் தலை நரைத்தது. 2003-ல் தனியார் வங்கிகளில் பணம் எடுக்க ஜனம் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியது. இத்தனையும் பார்த்த ஒருவர் பணத்தை நோட்டாகவும் வைக்க மாட்டார், வங்கியிலும் போட மாட்டார். தங்கம் வாங்குவார், முடிந்தால் மனை வாங்குவார். அதற்கும் மேலே துணிந்தால் கார்.

தங்கம் பெட்டியில் சும்மா இருக்கும். கார் சம்பாதிக்கும். சொந்தக் காருக்கான கறுப்பு நம்பர் பலகையைச் சிவப்புப் பலகையாக மாற்றி டாக்சிக்கு விட்டால் தினப்படி வாடகை. டாக்சிக்கு விடாவிட்டாலும், ஓட்ட ஓட்ட விலை ஏறிக்கொண்டே போன கார் உலகத்தில் அப்போது நம் ஊரில்தான் இருந்திருக்கும். ஒருவர் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு, வாங்கியதைவிடக் கூடுதலாகவே விற்றுவிட்டுப் போவார். ஹந்தாவடி ரவுண்டானா பக்கம் புரோக்கர்கள் டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். "சன்னி சூப்பர் சலூனா, எத்தனை லட்சம், ஓனர் புக் யார் பேரில்?" என்ற மூன்று கேள்விதான். சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். மட்கார்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் தகரம், விழுந்தால் ஓட்டையை மறைக்க அப்பிய புட்டிப் பசை. ரங்கூன் மழைக்கு எந்தக் கார்தான் முழுத் தகரமாக இருந்தது, அது வேறு விஷயம். கதவையே பட்டறையில் தகரம் தட்டிச் செய்து மாட்டிய கார்கள் ஏராளம். நாங்களும் செய்திருக்கிறோம்.

ஓனர் புக், அதாவது காரின் பதிவுப் புத்தகம், யார் பேரில் என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. பெயர் மாற்றினால் வரி. அதனால் கார் மூன்று நான்கு கை மாறியிருக்கும், புத்தகத்தில் மட்டும் முதலில் கொண்டுவந்தவர் பெயரே இருக்கும். கார், ஓனர் புக், அந்த முதல் ஆளுடைய அடையாள அட்டை நகல், இந்த மூன்றும் சேர்ந்துதான் விற்கும். நம் ஆட்களில் அட்டை விவகாரம் சிக்கலாக இருந்தவர்கள் பலர், அவர்களுக்கு இது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது.

சரி, வாங்கியாயிற்று. ஓட்டுவது இன்னொரு படிப்பு. பெட்ரோல் ரேஷன், ஒரு காருக்கு ஒரு நாளைக்கு இரண்டு காலன், கூப்பன் புத்தகத்தில் குறித்துக் கொடுப்பார்கள். வரிசையில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும். காருக்குப் போடாமல் ரேஷன் பெட்ரோலை உறிஞ்சி வெளியில் விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. மிச்சத்துக்கு ரோட்டோரத்துப் பாட்டில் பெட்ரோல். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது மண்ணெண்ணெய் வாசனை பிடித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கே தெரியும். அந்தப் பெட்ரோலைக் குடித்துக் குடித்துக் கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொள்ளும். சன்னிக்காரர் எவரையும் பாருங்கள், டேஷ்போர்டில் ஒரு மெல்லிய செப்புக் கம்பி வைத்திருப்பார், ஜெட்டில் விட்டு எடுக்க. சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் பெட்ரோல் பம்பில் ஆவி கட்டி எஞ்சின் படுத்துவிடும். ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் எழுந்துகொள்ளும். உங்கள் அப்பாவின் காரிலும் பழைய கைலித் துண்டு ஒன்று அதற்கென்றே கிடந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் பெட்ரோல் காலன் 1,500 கியாட்டிலிருந்து 2,500 ஆனது, டீசல் இரட்டிப்பானது. அதுதான் பிக்குகள் தெருவில் இறங்கும் அளவுக்குப் போனது. அதற்கப்புறம் கார் வைத்திருந்தவர்கள் எஞ்சின் சத்தத்தை வைத்தே மைலேஜ் சொல்லும் ஆட்களாகிவிட்டார்கள்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். 1970 டிசம்பர் 6-ந் தேதி நாட்டில் இடது பக்கம் ஓடிய வண்டிகளை வலது பக்கம் ஓடச் சொன்னார்கள். பிறகு வந்த கார்களும் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டியரிங் வலது பக்கமே. அதனால் முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் அந்த வேலை ஸ்பேர் என்கிற உதவியாளுக்கு. வீட்டுக் காரில் அம்மாவுக்கு. பெகு ரோட்டில் "போலாம், போலாம்... இருங்க இருங்க!" என்று அம்மா குரல் கொடுக்க அப்பா முந்துவார். ஓட்டத் தெரியாத நம் வீட்டுப் பெண்கள் பலர், ஓட்டத் தெரிந்தவர்களைவிட எதிர்வண்டியின் வேகத்தைத் துல்லியமாகக் கணிப்பார்கள். சன்னியை அப்பா மட்டும் ஓட்டியதாக நினைக்காதீர்கள்.

தெருவுக்கு ஒரு கார் இருந்த காலம் அது. புதுக் கார் வந்தால், அதாவது புதிதாக வாங்கிய பழைய கார் வந்தால், அனோரத்தா ரோட்டுக் காளி கோயில் வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு. அடுத்த நாளிலிருந்து அது தெருவுக்கே பொது. பிரசவ வலி என்றால் ராத்திரி ஒரு மணிக்குக் கதவு தட்டுவார்கள். பெண் அழைப்புக்கு அந்தக் கார். ஆற்றுக்கு அப்பால் சிரியம் பக்கத்துப் பீலிக்கான் அம்மன் திருவிழாவுக்கு அந்தக் கார், உள்ளே எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது. 1993-ல் சிரியம் பாலம் திறந்த பிறகு அந்தப் பயணம் சுலபமாகிவிட்டது, முன்னால் ஆற்றைப் படகில் தாண்ட வேண்டும். கார்க்காரருக்குத் தெருவில் ஒரு மரியாதை. அந்த மரியாதையில் அதிகாரம் கிடையாது, கடமைதான் ஜாஸ்தி.

இப்போது மாற்றுத் திட்டத்துக்கு வருகிறேன். 2011 செப்டம்பரில் அரசாங்கம் அறிவித்தது: நாற்பது வருஷத்துக்கு மேலான வண்டியை ஒப்படைத்தால், 1995-க்குப் பிறகு தயாரான காரை இறக்குமதி செய்ய ஒரு அனுமதி. அந்த அனுமதிச் சீட்டுதான் சிலிப். அப்புறம் வயதை முப்பதுக்கு இறக்கினார்கள், பிறகு இருபதுக்கு. உங்கள் அப்பாவின் 84 மாடல் அந்தக் கடைசிச் சுற்றில் வந்திருக்கும். சிலிப் கார் ஆகாது. காரை ஜப்பானில் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, வரி கட்டி இறக்க வேண்டும். அவ்வளவு பணம் இல்லாதவர்கள் சிலிப்பையே விற்றார்கள். ஹந்தாவடியில் கார் வியாபாரம் போய்ச் சிலிப் வியாபாரம் வந்தது. காகிதத்துக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை.

இதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம்தான் உங்கள் கேள்விக்கு முக்கியம். சிலிப்புக்குத் தேவைப்பட்டது வண்டியின் வயதும் ஓனர் புக்கும். வண்டியின் நிலை அல்ல. மூன்று தலைமுறை பார்த்துப் பார்த்துத் துடைத்த காருக்கும், கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த கூட்டுக்கும் ஒரே காகிதம். கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய மாஸ்டா ஜீப், செத்துப்போன ஹீனோ லாரி எல்லாவற்றையும் தேடி வாங்கினார்கள். மரத்தடியில் மூங்கில் முளைத்துக் கிடந்ததற்கு எல்லாம் விலை. எஞ்சினைப் போன மாதம்தான் இறக்கி ரிங் மாற்றிய மனிதருக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும்? ஐந்து லட்சமோ பத்து லட்சமோ, செலவழித்தது போகட்டும். அவர் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை என்று ஒரு சர்க்கார் காகிதம் சொல்லிவிட்டது.

என்னுடைய முதல் வண்டி 79 மாடல் டொயோட்டா பப்ளிகா பிக்கப். முப்பது வருஷத்துச் சுற்றில் கொடுத்தேன். புத்தகத்தில் இருந்த பெயர் அதை ஜப்பானிலிருந்து கொண்டுவந்த மாலுமியுடையது, பர்மியர், வயதானவர். கையெழுத்துக்காக அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே திடல், வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் ஒரு டாட்சன், அதற்குப் பக்கத்தில் டயரே இல்லாமல் லாரியில் வைத்துக் கொண்டுவந்த ஏதோ ஒன்று. அதிகாரி பானெட்டைத் திறந்தார். சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார், எண் காகிதத்தில் ஏறியது. புத்தகத்தோடு ஒப்பிட்டார். நம்பர் பலகையைக் கழற்றச் சொன்னார். சாவியைப் பலகையில் போடச் சொன்னார். அவ்வளவுதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டட்டுமா என்றேன். தேவையில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், பாவம், அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ வண்டி.

மாலுமிப் பெரியவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது, "சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜாக் இருந்ததே, இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். வண்டியோடு ஜப்பானிலிருந்து வந்த ஜாக். நான் அதை முந்தின நாளே எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். அவருக்கும் அதுதான் முதல் வண்டி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

காரை விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது புரிகிறதா? விற்றால் கார் ஊரிலேயே இருக்கும். மிங்கலாடோன் பக்கம் என்றைக்காவது சிக்னலில் நிற்கும். "இது நம்ம கார்தான், அந்தக் கதவு நாம் மாற்றியது" என்று பிள்ளைகளிடம் காட்டலாம். வாங்கியவன் கிளச்சைத் தேய்க்கிறான் என்று திட்டலாம். பர்மாவில் கார் சாகாது, ஆள் மாறும், அவ்வளவுதான் என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தோம். 2011-க்குப் பிறகு அப்படியில்லை. நன்றாக ஓடுகிற காரை ஓட்டிக்கொண்டே போய் இரும்புக்குக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். சிலர் திடலுக்குப் போகும் வழியில் வண்டியைக் கழுவிக்கொண்டு போனார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் புரோபாக்ஸ் வந்தது. நல்ல வண்டிதான், அதில் சந்தேகமே இல்லை. ஏசி வேலை செய்யும், பிரேக் பிடிக்கும், மழையில் நனையாமல் போகலாம். ஆனால் பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் இல்லை. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற பையனிடம் கொடுக்க வேண்டும். செப்புக் கம்பி, ஈரத் துணி, காதை வைத்து வால்வு சத்தம் பிடிப்பது, இருபது வருஷம் கற்ற வித்தையெல்லாம் ஒரே வாரத்தில் ஓய்வு பெற்றது. பட்டறைக்காரர்களான எங்களுக்கும் அதே கதி. தெருவில் ஆளுக்கு ஒரு கார் வந்துவிட்டதால் ராத்திரி கதவு தட்டுவதும் நின்றது. இதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்குச் சட்டென்று வேலை இல்லாமல் போனது.

காசு விஷயமும் இருக்கிறது, அதை அப்பா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். 2012-ல், அந்நியச் செலாவணிக் கணக்கு இருந்தால் சிலிப் இல்லாமலேயே 2007-க்குப் பிந்தைய மாடல் காரை இறக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். கார் விலை சரிந்தது, சிலிப் விலையும் சரிந்தது. முதல் சுற்றில் கொடுத்துச் சிலிப்பை உடனே விற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 2010 வாக்கில் உச்ச விலைக்குச் சன்னி வாங்கியவர்கள் அடிபட்டார்கள். அப்பா எந்த வருஷம் வாங்கினார் என்பதைப் பொறுத்து, அவர் சன்னியில் போட்டிருந்த சேமிப்பில் ஒரு பங்கு அப்போதே கரைந்திருக்கும். நோட்டை நம்பாமல் காரை நம்பியவர், காரிலும் அதே அனுபவத்தைப் பார்த்தார்.

திட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வண்டிகளில் பாதி ரோட்டில் ஓடக் கூடாதவை. தரை தெரிகிற ஓட்டை, கயிறு கட்டிய கதவு, பிரேக்குக்குப் பதில் சாமி. பெர்மிட் வைத்துக் கொழுத்தவர்களின் பிடியும் அதில்தான் தளர்ந்தது. நல்ல நிலையில் இருந்த வண்டிகளை வெளியூருக்காவது விட்டிருக்கலாம் என்பது மட்டும் என் ஆதங்கம். மாந்தலேயில் நீல நிற மாஸ்டா பி600 குட்டி டாக்சிகளை எத்தனை வருஷம் ஓட்டினார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புரோபாக்ஸ் கேள்வி. இப்போது விற்க வேண்டாம் என்பேன். 2021 அக்டோபரில் டாலர் தட்டுப்பாட்டைக் காட்டி கார் இறக்குமதியை நிறுத்தினார்கள். கியாட் மதிப்பு அதற்கப்புறம் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். பழைய கார் விலை மறுபடியும் ஏறிவிட்டது. வெளியே இருக்கும் நீங்கள் அனுப்பும் பணம் தவிர, அப்பா கையில் கியாட்டாக மாறாமல் இருக்கும் ஒரே சொத்து அந்த வண்டியாகக்கூட இருக்கலாம். 2018-லிருந்து சொந்தக் காருக்கு இடது ஸ்டியரிங்தான் இறக்கலாம் என்று விதி வந்தது. வலது ஸ்டியரிங் வண்டிக்கு மதிப்புப் போய்விடும் என்று அப்போது பலர் பயந்து விற்றார்கள். ரோட்டில் பாருங்கள், இன்னும் ஓடுவதெல்லாம் அதுதான், பாகமும் அதற்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது.

விற்கிற கட்டாயம் வந்தால் முதலில் ஓனர் புக்கைப் பாருங்கள். சிலிப் அப்பா பெயரில் வாங்கியது என்றால் வண்டியும் அவர் பெயரிலேயே இருக்கும், பிரச்சினை இல்லை. சன்னியின் புத்தகம் வேறு ஒருவர் பெயரில் இருந்து, சிலிப்பும் அந்தப் பெயரில் வந்திருந்தால் புரோபாக்ஸின் புத்தகத்திலும் அவர் பெயர் இருக்கும். அந்த ஆள் ரங்கூனில் இருக்கிறாரா, கையெழுத்துக்கு வருவாரா என்பதை அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே விசாரித்துப் பெயர் மாற்றி வைத்துவிடுங்கள். வரி போகட்டும். வாரிசு பெயருக்கு மாற்ற அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.